நம் வீடும் கோயிலும் வரைபடத்தில் இருக்கின்றனவா?

(சுங்கை வே வட்டாரக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலை முடிந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, களைப்போடு வந்திருக்கிறீர்கள். இரவு ஷிப்ட் இருப்பதால் வர முடியாதவர்களும் பலர். அவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த உரை எழுத்தில் வருகிறது. படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் கொடுங்கள்.

இன்று நான் பேசப்போவது ஒரு வரைபடத்தைப் பற்றி.

பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றத்தில் அந்த வரைபடம் இருக்கிறது. சுங்கை வேயின் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் அதில் ஒரு நிறம் உண்டு. இது குடியிருப்பு, இது வியாபாரம், இது தொழிற்சாலை, இது திடல், இது பள்ளி, இது வழிபாட்டுத் தலம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மலாயில் அதற்கு 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' என்று பெயர். தமிழில் உள்ளூர்த் திட்டம் எனலாம். நாம் எங்கே குடியிருக்கலாம், நம் வீட்டின் முன்னால் எத்தனை மாடிக் கட்டடம் எழும்பலாம், பிள்ளைகள் விளையாடும் திடல் திடலாகவே இருக்குமா என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் முதலில் எழுதப்படுகிறது. நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்?

இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். இரண்டும் உங்களுக்குத் தெரிந்தவையே.

2007 அக்டோபர் 30-ஆம் தேதி, தீபாவளிக்குச் சில நாட்கள் இருக்கும்போது, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் உடைக்கப்பட்டது. நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூர் வீதிகளில் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள். கண்ணீர்ப்புகையும் இரசாயன நீரும் அவர்கள்மேல் பாய்ந்தன. அந்தக் கோபம் நியாயமானது.

அடுத்து மஸ்ஜிட் இந்தியா. அங்கே பத்திரகாளியம்மன் கோயில் இருந்த நிலத்தை மாநகர் மன்றம் ஒரு துணி நிறுவனத்துக்கு விற்றது 2014-இல். நாட்டு மக்களில் பெரும்பாலோர் அதைக் கேள்விப்பட்டதோ 2025 மார்ச்சில், அங்கே பள்ளிவாசலுக்கு அடிக்கல் நாட்டப் போகிறார்கள் என்றபோது. இடையில் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன! கடைசி நேரத்தில் பேச்சுவார்த்தை நடந்து, அருகிலேயே வேறிடம் தருவதாக முடிவானது.

இந்த இரண்டிலிருந்தும் நாம் கற்க வேண்டியது ஒன்றுதான். ஒரு நிலத்தின் தலைவிதி புல்டோசர் வரும் நாளில் தீர்மானிக்கப்படுவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே, குளிர்சாதன அறையில், ஒரு கோப்பில், ஒரு கையெழுத்தில் அது முடிந்துவிடுகிறது. நாம் போய் நிற்பது கடைசி நாளில். அந்த முதல் நாளில் போய் நிற்பது எப்படி என்பதைத்தான் இன்று பேச வேண்டும்.

முடிவு எடுப்பது யார்?

ஒருவர் நிலத்தில் கட்டடம் எழுப்ப, பொதுவாக இரண்டு அனுமதிகள் வேண்டும். முதலாவது 'கெபெனாரான் மெரன்சாங்' எனும் திட்ட அனுமதி. 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, பிரிவு 19 அதைக் கேட்கிறது. இந்த நிலத்தில் இதைக் கட்டலாமா, எவ்வளவு அடர்த்தியாகக் கட்டலாம் என்பது இங்கே முடிவாகிறது. இரண்டாவது கட்டட வரைபட அனுமதி. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது சட்டம் 133, பிரிவு 70 அதற்கானது. சுவர், தூண், கூரை, காற்றோட்டம், தீப் பாதுகாப்பு எல்லாம் இதில் வரும்.

முதல் அனுமதிதான் முக்கியம். அது கிடைத்துவிட்டால் இரண்டாவது பெரும்பாலும் பொறியியல் கணக்கு. நாம் எதிர்த்துப் பேச வேண்டிய இடம் முதலாவது.

2007 முதல் ஊராட்சி மன்றங்களில் இந்த விண்ணப்பங்கள் ஓ.எஸ்.சி. எனப்படும் ஒரே நிலைய மையத்தின் குழு வழியாகப் போகின்றன. விண்ணப்பதாரர் இலாகா இலாகாவாக அலையாமல், வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பது அதன் நோக்கம். மேம்பாட்டாளருக்கு அது வசதி. நமக்கு? ஊராட்சி மன்றச் சட்டம் 171, பிரிவு 23-இன்படி மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. ஆனால் குழுக்கள், தாங்களே தீர்மானம் போட்டால் ஒழிய, திறந்தவை அல்ல. பேச்சு நடக்கும் அறைக்கு வெளியே நாம். கை தட்டும் மண்டபத்துக்கு மட்டும் நமக்கு அனுமதி!

உள்ளே இருக்கும் உறுப்பினர்களை நாமா தேர்ந்தெடுத்தோம்? இல்லை. மாநில அரசு நியமிக்கிறது. ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. அவற்றை மீண்டும் நடத்தலாமா என்று ஆராய அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தலைத் திரும்பக் கொண்டுவரும்படி அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 15 ஊராட்சித் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஓட்டுச் சீட்டால் கவுன்சிலரை மாற்ற முடியாத நமக்கு, ஆட்சேபக் கடிதம்தான் மிஞ்சியிருக்கும் ஓட்டுச் சீட்டு.

சட்டத்தில் நமக்கு உள்ள வாசல்

சட்டம் 172, பிரிவு 21(6) என்ன சொல்கிறது? ஒரு வட்டாரத்துக்கு உள்ளூர்த் திட்டம் இல்லாத நிலையில் விண்ணப்பம் வந்தால், மன்றம் அண்டை நிலத்தாருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தரலாம். கேட்டால் நேரில் விசாரிக்கவும் வேண்டும்.

நல்ல சட்டம்தானே என்று தோன்றும். இரண்டு முடிச்சுகளைக் கவனியுங்கள்.

முதல் முடிச்சு: 'உள்ளூர்த் திட்டம் இல்லாத நிலையில்' என்ற சொற்கள். திட்டம் அரசிதழில் வந்துவிட்ட இடத்தில் இந்தப் பிரிவு அந்தக் கடிதத்தைக் கட்டாயமாக்கவில்லை. ஏன்? திட்டம் தயாரானபோதே மக்களைக் கேட்டாயிற்று என்பது சட்டத்தின் கணக்கு. பல மன்றங்கள் அப்போதும் நிலத்தில் அறிவிப்புப் பலகை நாட்டுகின்றன, விசாரணையும் வைக்கின்றன. நல்லது. ஆனால் அதை நம்பி மட்டும் இருக்க முடியாது.

இரண்டாம் முடிச்சு: 'அண்டை நிலத்தார்' என்றால் பதிவு பெற்ற நில உரிமையாளர். ஒட்டிய நிலம், அல்லது 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ சந்தோ வாய்க்காலோ நடுவில் உள்ள நிலம், அல்லது ஒரே முட்டுச் சந்தைப் பயன்படுத்தும் 200 மீட்டருக்குள் உள்ள நிலம். இப்போது நம்மை எண்ணிப் பாருங்கள். வாடகைக்கு இருப்பவர், நிலம் தன் பெயரில் இல்லாத கோயில், ரிசர்வ் நிலத்தில் பல காலமாக இருக்கும் குடும்பம், தோட்ட லயத்திலிருந்து தற்காலிக வீட்டுக்கு வந்து அங்கேயே பேரப்பிள்ளை எடுத்தவர்கள், இவர்களில் யாருக்கும் அந்தக் கடிதம் வராது. அதிகம் பாதிக்கப்படுபவன் சட்டத்தின் கண்ணில் அண்டை வீட்டுக்காரனே அல்ல!

இன்னொன்று. மன்றத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக பிரிவு 23 வழி விடுகிறது, ஒரு மாதத்துக்குள். ஆனால் அண்டை நிலத்தாரில் யார் போகலாம்? பிரிவு 21(6)-இன்கீழ் முன்பே ஆட்சேபம் கொடுத்தவர் மட்டும். அன்று வாய் திறக்காதவருக்கு இங்கே வாசல் இல்லை.

புக்கிட் கியாரா சொல்லும் பாடம்

இங்கிருந்து அதிக தூரமில்லை, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம். புக்கிட் கியாரா தோட்டத்தில் பால் வெட்டிய நம் குடும்பங்கள், தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபின், 1980-களின் தொடக்கத்தில் 'ருமா பாஞ்சாங்' எனப்படும் நீள வீடுகளில் குடியமர்த்தப்பட்டார்கள். ஏறக்குறைய 100 குடும்பங்கள். 'இது தற்காலிகம், நிரந்தர வீடு வரும்' என்றார்கள். ஒரு தலைமுறை காத்திருந்து, பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகளும் பெற்றோர் ஆனார்கள்.

பிறகு ஒரு திட்டம் வந்தது. பக்கத்தில் உள்ள தாமான் ரிம்பா கியாரா பூங்காவின் ஒரு பகுதியில், 42 முதல் 54 மாடி வரை எட்டு சொகுசுக் கோபுரங்கள். அவற்றோடு 29 மாடியில் ஒரு மலிவு வீட்டுக் கட்டடம். நீள வீட்டு மக்களுக்கு வீடு அதில்தான். 2017 ஜூலையில் கோலாலம்பூர் மாநகர் மன்றம் அனுமதி கொடுத்தது. தாமான் துன் மக்கள் நீதிமன்றம் போனார்கள். நீள வீட்டு மக்களின் சங்கமும் வழக்கில் சேர்ந்தது, திட்டம் நடக்க வேண்டும் என்ற பக்கத்தில். நாற்பது ஆண்டு காத்திருந்தவர் கைக்கு வந்த வீட்டை எப்படி விடுவார்?

2018-இல் உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஒருமனதாக உறுதி செய்தது. நீதிபதி நளினி பத்மநாதன் எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரத்தை நான்கு வரியில் சொல்கிறேன்.

ஒன்று, கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டத்தில் அந்த இடம் பூங்கா. சட்டப்படியான திட்டத்தை மேயர் நினைத்தபடி ஒதுக்கிவைக்க முடியாது. இரண்டு, திட்டத்திலிருந்து விலகினால் காரணம் சொல்ல வேண்டும். மூன்று, திட்டத்தில் பங்குள்ள அறவாரியத்தில் மேயரும் இருந்தார். அனுமதி கேட்கும் பக்கத்திலும் கொடுக்கும் பக்கத்திலும் ஒரே ஆள் இருந்தால் அது நலன் மோதல். நான்கு, பாதிக்கப்படும் குடியிருப்பாளர்கள் சங்கமாகவும் நீதிமன்றம் வரலாம்.

சட்டம் படித்தவள் என்ற முறையில் இந்தத் தீர்ப்பைப் பெரிதும் மதிக்கிறேன். கோலாலம்பூருக்கு வேறு சட்டம், சட்டம் 267. ஆனாலும் இதன் கோட்பாடு சிலாங்கூரிலும் எடுத்து வாதிடக்கூடியது. ஆனால் நம் பக்கத்திலிருந்தும் ஒருமுறை பாருங்கள். பூங்கா பிழைத்தது. கோபுரம் நின்றது. நம் மக்களுக்கான 29 மாடியும் அதோடு போனது. தாமான் துன் மக்கள்மேல் கோபப்படுவதில் பயனில்லை. நீள வீடு இருக்கும் இடத்திலேயே அவர்களுக்கு வீடு கட்டித் தாருங்கள் என்று அவர்களும் சொன்னார்கள். அப்படியானால் கோளாறு எங்கே?

பூங்கா திட்டத்தில் இருந்தது. அதனால் சட்டம் அதைக் காத்தது. நம் மக்களின் வீடு வெறும் வாக்குறுதியில் இருந்தது. அமைச்சர் மாறினார், மேயர் மாறினார், வாக்குறுதியும் கை மாறிக்கொண்டே போனது. கடைசியில் எட்டு சொகுசுக் கோபுரங்களின் முதுகில் ஏறித்தான் நம் வீடு வர வேண்டும் என்ற நிலை. நீள வீடு நின்ற அந்த மண்ணைத் 'தோட்ட மக்களின் நிரந்தர வீட்டுக்கு' என்று ஆரம்பத்திலேயே சட்டப்படியான திட்டத்தில் குறித்திருந்தால், வழக்கில் நம் மக்கள் சட்டத்தின் பக்கம் நின்றிருப்பார்கள்.

வாய்வாக்கை நீதிமன்றம் காப்பது அரிது. அரசிதழில் வந்த வரைபடத்தைக் காக்கும். இதுதான் நான் இன்று சொல்ல வந்தது.

சுங்கை வேயில் என்ன செய்வது?

இந்த மண்ணில் தோட்டம் இருந்தது. அவசரகாலத்தில் புதுக்கிராமம் வந்தது. 1972-இல் சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்தது. தோட்டம் விட்டு வந்த நம் பெண்கள் அந்தத் தொழிற்சாலைகளில் நின்று குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். கூலி கொடுத்தார்கள்; குடியிருக்க இடம் தரவில்லை. அதனால் புறம்போக்குக் குடியிருப்பு, பிறகு அடுக்குமாடி. நிலத்தின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும் வட்டாரம் இது. இங்கே ஒவ்வொரு காலி நிலத்தின் மேலும் யாரோ ஒருவரின் கண் இருக்கிறது. ஆகவே இவற்றைச் செய்யுங்கள்.

1. திட்டத்தைப் போய்ப் பாருங்கள். மாநகர் மன்றத்தின் திட்டமிடல் இலாகா முகப்பில் கேளுங்கள். நம் வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, திடல், சுடுகாடு ஒவ்வொன்றும் என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கோயில் நிற்கும் இடத்தில் 'வியாபாரம்' என்று இருந்தால், இன்றே தெரிந்துகொள்வது நல்லது.

2. மாவட்ட நில அலுவலகத்தில் 'சாரியான் ரஸ்மி' எனும் அதிகாரபூர்வத் தேடல் செய்யுங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது அதில் தெரியும். கவனம்: திட்டத்தில் 'வழிபாட்டுத் தலம்' என்று குறித்துவிட்டதால் மட்டும் நிலம் நமக்குச் சொந்தமாகாது. பட்டா வேறு, நிறம் வேறு. இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் நிறம் சரியாக இருந்தால் பட்டா கேட்கும் வழக்கு வலுவாகும், மற்றவர் அங்கே கோபுரம் கட்டுவது கடினமாகும்.

3. உள்ளூர்த் திட்டம் புதிதாக வரும்போதும் மாறும்போதும் விழித்திருங்கள். அந்தக் கட்டத்தில் வரைவைப் பொதுப் பார்வைக்கு வைத்து, குறைந்தது நான்கு வாரம் ஆட்சேபம் கேட்க வேண்டும் என்கிறது பிரிவு 13. அங்கே நில உரிமையாளர் என்ற கட்டுப்பாடு இல்லை. வாடகைக்காரரும் எழுதலாம், கோயில் நிர்வாகமும் எழுதலாம், பள்ளிப் பெற்றோர் சங்கமும் எழுதலாம். நமக்கு அகலமாகத் திறந்திருக்கும் ஒரே கதவு இதுதான். அறிவிப்பு தமிழ்ப் பத்திரிகையில் வர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே மலாய் அறிவிப்பைப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரிடம் இந்தப் பொறுப்பை ஒப்படையுங்கள்.

4. அறிவிப்புப் பலகை கண்டால் கைப்பேசியில் படம் எடுங்கள், தேதி தெரியும்படி. அன்றிலிருந்து நாட்களை எண்ணுங்கள். ஆட்சேபம் எழுத்தில் இருக்கட்டும். ஒரு பிரதியில் மன்றத்தின் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். முத்திரை இல்லாத கடிதம் எழுதாத கடிதம்.

5. கேட்டும் தகவல் தராவிட்டால், சிலாங்கூரில் 2011-இல் இயற்றப்பட்ட தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. மாநில இலாகாக்களிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் அதன்கீழ் விண்ணப்பிக்கலாம்.

6. நீதிமன்ற மறு ஆய்வுக்குப் போவதானால் முடிவு தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான். நாலாவது மாதம் வக்கீலிடம் வந்தால் வக்கீல் என்ன செய்வார்?

எப்படி எழுதுவது?

2009 ஆகஸ்ட் 28-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலம் செக்‌ஷன் 19-இல் இருந்த கோயிலை செக்‌ஷன் 23-க்கு மாற்றும் திட்டத்தை எதிர்த்துச் சிலர் பசுவின் தலையோடு ஊர்வலம் வந்தார்கள். நம் மனம் எப்படிப் புண்பட்டது! எங்கள் பகுதியில் உங்கள் கோயில் வேண்டாம் என்பதே அவர்களின் வாதம். அந்த வாதத்தை நாம் ஒருநாளும் எடுக்கக் கூடாது. யார் வருகிறார்கள் என்பதை எழுதாதீர்கள். என்ன கட்டுகிறார்கள் என்பதை எழுதுங்கள். சாலை எத்தனை அடி, தீயணைப்பு வண்டி திரும்ப இடம் உண்டா, வாய்க்கால் இப்போதே நிரம்பி வழிகிறதா, கார் எங்கே நிற்கும், பள்ளியில் இடம் உண்டா, உள்ளூர்த் திட்டம் என்ன சொல்கிறது? பத்துப் பேர் ஒரே கடிதத்தை நகலெடுத்துக் கையெழுத்துப் போடுவதைவிட, பத்துப் பேர் தங்கள் வீட்டு நிலைமையைச் சொந்தச் சொல்லில் எழுதினால் அதற்கு எடை அதிகம்.

நம் வீட்டுப் பக்கமும் ஒரு சொல். பின்னால் சமையலறையை இழுத்துக் கட்டுகிறோம், மேலே ஒரு தகரக் கூரை போடுகிறோம். பெர்மிட் எடுப்பதில்லை. குடும்பம் பெருகிவிட்டது, வேறு வீடு வாங்க முடியவில்லை. காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாளைக்கு நாம் ஒரு கோபுரத்தை எதிர்க்கும்போது, 'உங்கள் வீட்டுக்கே அனுமதி இல்லையே' என்று வாயை அடைப்பார்கள். கட்டுவதற்கு முன்பே மன்றத்தில் போய், என்ன வரைபடம் வேண்டும், எவ்வளவு கட்டணம், யார் கையெழுத்து வேண்டும் என்று கேளுங்கள். இடைத்தரகரிடம் கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லை. மன்றத்தில் கட்டிய பணத்துக்கு ரசீது உண்டு.

ஐயா, அம்மா, தம்பி, தங்கைகளே! இந்த மாத இறுதிக்குள் உங்களில் நாலு பேர், ஒருநாள் அரைநாள் லீவு எடுத்து, ஒன்றாகச் சேர்ந்து மாநகர் மன்றத்துக்குப் போங்கள். அந்த வரைபடத்தில் நம் கோயிலையும் திடலையும் விரல் வைத்துத் தேடுங்கள். இருந்தால் பக்க எண்ணை எழுதி வாருங்கள். இல்லையென்றால், அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக ஆட்சேபக் கடிதத்தை இங்கேயே உட்கார்ந்து எழுதுவோம். எழுத நான் வருகிறேன்.